நான்காம் எண் அறையில் வெள்ளிக்கிழமை

நகராட்சிப் பள்ளியின் நான்காம் எண் அறையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கிய வகுப்பு ஒன்பது வருடமாகியும் முடியவில்லை. மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் மூன்றாவது பெஞ்சின் கால்வரை வந்து நின்றது, அங்கேயே நிற்கிறது. வெளியே விடிகிறது, இருட்டுகிறது, தேர்தல் வந்து போகிறது. அறைக்குள் மட்டும் அதே வெள்ளிக்கிழமை. ஏன் என்று கேட்பவர்களைப் பள்ளிக் காவலாளி இஸ்திரியக்காவிடம் அனுப்பிவிடுவார்.

இஸ்திரியக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆவி இயந்திரத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பவள். பக்கத்து இயந்திரத்தில் நின்றவள் அவளுடைய தங்கை. ஒருநாள் தங்கை மூடியைத் திறந்தபோது உள்ளே அடைந்து கிடந்த ஆவி சீறி வந்து வலது கையை வேகவைத்துவிட்டது. அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் நான்கு விரல்களை எடுத்தார்கள். விசாரிக்க வந்த மேலாளர் சுவரில் தொங்கிய நீலப் பலகையைக் காட்டினார். "ஆறுறதுக்கு முன்னாடி திறக்காதேன்னு போர்டே போட்டிருக்கு. படிக்கத் தெரியலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?" என்று கேட்டுவிட்டுக் கோப்பை மூடினார். அக்கா தங்கை இருவருக்கும் எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்தவர்கள் கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வருடக்கணக்காகத் தலைக்கு மேல் தொங்கிய பலகையை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

போனது போச்சு, விட்டுவிடு என்றாள் தங்கை. இஸ்திரியக்கா விடுகிற ரகமில்லை. அடுத்த திங்கட்கிழமை, ஐம்பத்தோராம் வயதில், சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தாள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு, முழங்கால் இடித்தது. டீச்சர் பகலில் மூன்றாம் வகுப்பைத் திட்டிய தொண்டையோடு அப்படியே வந்து இவர்களையும் திட்டுவாள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடப் படித்தவர்களில் ஒரு கொத்தனாரும், ஆஸ்பத்திரி லிப்ட்காரரும் உண்டு. ஏழு மாடி ஆஸ்பத்திரி என்பதால் லிப்ட்காரர் ஏழு வரைக்கும் எண்களில் புலி.

நான்காவது மாதம் அவள் நீலப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'தரையைச் சுத்தமாக வைத்திருக்கவும்' என்று இருந்தது. மறுபடியும் படித்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, கீழே சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். அச்சகத்தின் பெயர்தான் இருந்தது. அன்று அவள் தேய்த்த விரிப்புகள் இரண்டு நாள் வரைக்கும் சூடு ஆறவில்லை. குளிர்காலமாக இருந்ததால் நோயாளிகள் குறை சொல்லவில்லை.

தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும். தானே எழுதித் தருவதாக டீச்சர் சொன்னாள்.

"நீங்க எழுதினா அது உங்க கோபம் டீச்சர். என்னுதை நான்தான் எழுதணும்."

ஒரு சாயங்காலத்துக்கு அரை வரி என்ற கணக்கில் மனு நகர்ந்தது. அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, பையில் பூட்டோடு வந்து சேர்ந்தார். இன்றைய மாலை வகுப்பு முடிந்ததும் அறையைப் பூட்டி, உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. இஸ்திரியக்கா நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எழுதிட்டு இருக்கேன் சார். முடிஞ்சதும் பூட்டிக்குங்க."

அதிகாரி கடைசி பெஞ்சில் காத்திருந்தார். கைக்கடிகாரத்தில் எட்டானது, ஒன்பதானது. வராந்தாவுக்குப் போனால் வானத்தில் நட்சத்திரம். உள்ளே வந்தால் பெஞ்சுக் காலில் வெயில். அவர் நேர்மையான மனிதர். உத்தரவை இரண்டு முறை படித்துப் பார்த்தார். மாலை முடிந்தால்தானே மாலை வகுப்பு முடியும்? பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். 'இன்னும் வெள்ளிக்கிழமையாக இருக்கிறது' என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அவர்கள் நம்பாமல் ஓர் ஆளை அனுப்பினார்கள். அவரும் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். மின்சாரத்தைத் துண்டித்தார்கள். இரண்டு வாரம் அது யாருக்கும் தெரியவே இல்லை.

ஆள் இல்லாத அறை என்றால் பூட்டிவிடலாம் என்பதால் படிப்பவர்கள் முறை போட்டு உட்கார்ந்தார்கள். டீச்சர் இல்லாத நேரத்தில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார். மனு விஷயம் காதுக்கு எட்டியதும் மேலாளர் இஸ்திரியக்காவை இரவு ஷிப்டுக்கு மாற்றினார், சாயங்காலம் எப்படிப் படிக்கிறாள் பார்க்கலாம் என்று. அவள் விடிந்து வேலை முடித்து நேரே பள்ளிக்குப் போனாள். அங்கே சாயங்காலம்தான்.

மனு ஒன்றரைப் பக்கம் வந்தது. தங்கை கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வைக்கிறேனே என்றாள் அவள். வைத்தால், படிக்கத் தெரியாதவள் என்று திரும்பவும் அதையே சொல்வார்கள் என்றாள் அக்கா.

"எழுதுற கையே போயிடுச்சேக்கா."

"இன்னொண்ணு இருக்குல்ல?"

இடது கையால் தன் பெயரை எழுதத் தங்கைக்கு ஐந்து மாதம் பிடித்தது. எழுத்துகள் எதிர்க்காற்றில் நடப்பவை போலச் சாய்ந்திருந்தன, ஆனால் ஒன்றும் விழவில்லை. எழுத வந்தபிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கரும்பலகை நிறைந்து, சுவரில் கொத்தனாரின் தலை உயரம் வரைக்கும் அவள் பெயர்தான்.

மனுவை விசாரிக்கத் தொழிலாளர் அலுவலக ஆய்வாளர் வரும் சேதி எப்படியோ மேலாளருக்கு முன்பே போயிருந்தது. ஆய்வாளர் வந்து நின்றபோது சுவரில் சிவப்புப் பலகை, 'ஆறும் முன் திறக்காதே' என்று. பல வருடமாக இருக்கிறது என்றார் மேலாளர். தங்கை முன்னால் வந்து இடது பெருவிரலைப் பலகையில் அழுத்தினாள். விரலை ஆய்வாளருக்குக் காட்டினாள்.

"பெயிண்ட் காயலை சார்."

ஆய்வாளர் அறிக்கையை நீட்டினார். ஓரத்தில் அந்தச் சிவப்புப் பெருவிரலை அவள் வைத்தாள். பக்கத்திலேயே பேனாவை வாங்கிப் பெயரையும் எழுதினாள். மேலாளரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். இயந்திரங்களுக்கு ஆறாமல் திறக்காத பூட்டு வந்தது. தங்கை வேலைக்குத் திரும்பி, இப்போது விரிப்புகளின் பட்டியலை இடது கையால் எழுதுகிறாள்.

காரியம் முடிந்ததால் சாயங்காலமும் முடிந்துவிடும் என்று அதிகாரி பையோடு வந்தார். கொத்தனார் கையைக் காட்டி, பின்னம் பாதியில் நிற்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார். பின்னம் முடிவதற்குள் புதிதாகப் பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். அதிகாரி ஓய்வு பெற்றபோது பூட்டை அடுத்தவரிடம் கொடுத்தார், அவர் அதை எங்கேயோ வைத்துவிட்டார். இஸ்திரியக்கா இப்போது உலக வரைபடத்தில் கடல்களைப் படித்துக்கொண்டிருக்கிறாள், அவசரப்படவில்லை.

கதவு வழியாக வழியும் வெயில் வராந்தாவில் எட்டடி தூரத்துக்கு விழுகிறது. மழைக்காலத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஈரத்துணிகளை அங்கே கொண்டுவந்து காயப்போடுகிறார்கள். பாடம் நடக்கும்போது வாளியைச் சத்தம் போட்டு வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.