நாற்பத்தைந்துக்கு முன்னால்

எங்கள் துறைத்தலைவருக்கு உலகம் 1945-ல்தான் பிறந்தது. கிழக்கு ஆசிய நாடுகளின் உறவுகள் என்ற பாடத்தைப் போர் முடிந்த நாளிலிருந்துதான் ஆரம்பிப்பார். அதற்கு முந்தியதெல்லாம் அவருக்குப் பழைய குப்பை. நான் நடத்தும் நவீன ஜப்பான் வரலாறு அந்தக் குப்பையில் முக்கால்வாசி.

"சண்டை எப்படி முடிஞ்சதுன்னு தெரிஞ்சா போதும். யார் யாரை எப்போ அடிச்சாங்கன்னு தெரிஞ்சு என்ன கிழிக்கப்போறோம்?" என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். அதற்கும் பல்லைக் காட்ட நாலு பேர் இருந்தார்கள். தலையெழுத்து.

இன்னொரு தலையெழுத்து, அவர் என் அக்கா புருஷன். வீட்டில் அத்தான், கல்லூரியில் சார். அவரைப் பற்றி வாயைத் திறந்தாலே அக்கா, நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுத்துவிடாதே என்று கையைப் பிடித்துக்கொள்வாள்.

இந்த வருடம் எங்கள் இரண்டு பாடங்களில் ஒன்றை மூடியாக வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று சொல்ல ஒரு ஜப்பானியப் பேராசிரியரும் ஒரு கொரியப் பேராசிரியையும் வருவதாக ஏற்பாடு. என் பாடம் போனால் நானும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அத்தானுக்கு என்ன, நடத்த வேறு பாடங்கள் இருக்கின்றன, நாற்காலியும் இருக்கிறது.

கருத்தரங்க அறையை அவரே அலங்கரித்தார். மேடைக்குப் பின்னால், கண்ணாடி போட்ட பழைய வரைபடம் ஒன்று. பழைய சாமான் கடையில் பிடித்தாராம். அதில் ஜப்பானும் கொரியாவும் ஒரே சிவப்பு. கொரியாவை ஜப்பான் விழுங்கி வைத்திருந்த காலத்தில் அச்சடித்த படம் அது. அதற்குக் கீழேயா அந்த அம்மாவை உட்காரவைப்பது? ஓடிப்போய்ச் சொன்னேன். திரைச்சீலைக்கு எடுப்பாக இருக்கிறது என்றார். இந்த அறிவுக்குத்தான் அறை வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை.

விருந்தாளிகள் வந்தார்கள். கொரிய அம்மா படத்தின் முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஜப்பானியர் தரையைப் பார்த்தார். இதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார். அத்தான் கொஞ்சமும் கூசாமல் என்னைக் கைகாட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. குச்சியை எடுத்துக்கொண்டு படத்தருகே போனேன். இந்தச் சிவப்பைப் பூசியவர் யார், பூசும்போது அங்கே வாழ்ந்தவர்களை யாராவது கேட்டார்களா என்று, கருத்தரங்குக்கு வந்திருந்த என் மாணவர்களைக் கேட்டேன். பிள்ளைகள் விட்டு விளாசினார்கள். பெயரையும் மொழியையும் பறிகொடுத்தவர்களைப் பற்றிப் பேசினார்கள், இன்றுவரை அந்த நாடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கிருந்து வருகிறது என்றும் பேசினார்கள். அந்த அம்மா உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆரம்பித்தார். முடிந்ததும், இப்படியொரு படத்தை மாட்டி அதை வைத்தே பாடம் நடத்தத் துணிச்சல் வேண்டும் என்றார்.

அவ்வளவுதான், அத்தான் குதித்து எழுந்தார். யோசனை தன்னுடையதுதானாம். மாட்டியதும் தானேயாம். நான் வெறுமனே சொல்லிக்கொடுத்தபடி செய்தேனாம். வெட்கம் மருந்துக்கும் இல்லை.

அந்த அம்மா மரியாதையாகத் தலையசைத்தார். அப்படியானால் எங்கள் நாடு எந்த வருடம் இந்தச் சிவப்புக்குள் போனது, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

அத்தான் சிரித்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். படத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடினார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"எந்த வருஷம்மா?"

அக்கா முகம் கண்முன் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

"அது நாப்பத்தஞ்சுக்கு முன்னாடி, அத்தான்" என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி.

என் பாடம் நிலைத்தது. படம் இப்போது என் வகுப்பறையில் தொங்குகிறது. அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை.