நான்கு ஆம்ப்ரோஸ்கள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பேய் பிசாசு இல்லாத கதைதான். ஆனாலும் சொல்லும்போது எனக்கே உள்ளங்கை வேர்க்கும்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் லவினா என்றொரு பெண். வைட்ஃபீல்டில் ஓர் ஆபீசில், டயாலிசிஸ் மையம் ஒன்றின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. நோயாளிகள் அதில்தான் தங்கள் முறையைப் பதிய வேண்டும். அவளுடைய அப்பா ஆம்ப்ரோஸும் வாரம் மூன்று நாள் அங்கே போகிறவர். ஒரு முறை தவறினாலே கால் வீங்கி மூச்சு முட்டும்.

வெப்சைட்டைச் சோதித்துப் பார்க்கப் பொய் நோயாளிகள் வேண்டும் அல்லவா? ஆபீசில் எல்லாரும் வீட்டு ஆட்களின் பெயரையே போடுவார்கள். லவினா போட்டது ஆம்ப்ரோஸ். அப்பா பெயரில் சோதித்தால் அவருக்கு எதுவும் தப்பாகாது என்று ஒரு நம்பிக்கை.

ஒரு புதன்கிழமை, பக்கத்து சீட் கிளெமென்ட் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினான். லவினா போட்ட அந்தப் பொய் ஆம்ப்ரோஸைப் பெயரை வைத்துத் தேடி அழித்துவிடும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்து ஓகே சொன்ன பிறகுதான் அது ஓடும்.

"ஸ்வல்ப, கொஞ்சமா பாத்துட்டு ஓகே போடு லவி. கேன்டீன்ல பிரியாணி தீர்ந்துடும்."

"எத்தனை வரி?"

"பதினொண்ணு. அதுக்குக் கண்ணாடி வேற போடணுமா?"

மூன்று வரி பார்த்தாள். ஓகே போட்டாள். நாலாவது வரியில், சோதனைப் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் உண்மையான பட்டியல் இருந்தது.

சாப்பிட்டு, ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து, மூன்றேகாலுக்குத்தான் சீட்டுக்குத் திரும்பினாள். ஒரு ஆம்ப்ரோஸ் அழிந்திருக்க வேண்டும். நான்கு பேர் அழிந்ததாகக் காட்டியது திரை. நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஆம்ப்ரோஸ் இல்லாத தெரு உண்டா?

இரண்டரைக்கு அப்பாவின் முறை. போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. மையத்து நர்ஸ் சரளாவைக் கூப்பிட்டாள்.

"எந்த ஆம்ப்ரோஸும்மா? இன்னிக்கு மூணு பேர், பேர் இல்லைன்னு நின்னாங்க. ரெண்டு பேர் சண்டை போட்டு பெட் வாங்கிட்டாங்க. இன்னொரு பெரியவர், 'என் மக செஞ்சது தப்பு சொல்லாது, நான்தான் கிழமையை மறந்துட்டேன்'னு கிளம்பிட்டாரே."

கிளெமென்ட் நாற்காலியோடு நகர்ந்து வந்து அவள் திரையைப் பார்த்தான். "பேக்கப் இருக்கு லவி. பத்து நிமிஷத்துல நாலு பேரையும் திருப்பிப் போட்டுடறேன்."

"பேரைப் போட்டுடுவே. ஆளை?"

ஆட்டோவில் ஏறினாள். சிக்னலுக்கு சிக்னல் போன் செய்தாள். எடுக்கவில்லை. அம்மா மௌரீன் கூப்பிட்டு, "டாடி இன்னும் வரலையே, கூட்டமா அங்க?" என்றாள். லவினா அதை வைத்துவிட்டு அப்பாவின் நம்பரையே மறுபடி அழுத்தினாள். ரோட்டோரம் யார் உட்கார்ந்திருந்தாலும் அப்பாவின் சட்டையாகவே தெரிந்தது.

நாலரைக்கு சரளாவிடமிருந்து போன். எடுக்கவே கை வரவில்லை அவளுக்கு.

"கிடைச்சுட்டாரும்மா. மூடின கடைப் படியில செருப்பைக் கழட்டிட்டு மூச்சு வாங்கிட்டிருந்தார். நான் தேடச் சொன்ன வார்டுபாய் பச்சைமுத்து போய் வீல்சேர்ல தள்ளிட்டு வந்தான். மெஷின்ல போட்டாச்சு."

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சைலன்டில் போட்ட போன் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"டாடி, நீங்க ஒண்ணும் மறக்கலை. நான்தான் படிக்காம ஓகே போட்டேன். உங்களோட சேர்த்து நாலு ஆம்ப்ரோஸ் பேரு அழிஞ்சுடுச்சு."

அவர் கண்ணைத் திறந்தார்.

"மத்த மூணு ஆம்ப்ரோஸுக்கும் சொல்லிட்டியா?" என்றார்.

பக்கத்துக் கட்டிலுக்கு நடந்தாள். சொன்னாள். அதற்கடுத்த கட்டிலிலும் சொன்னாள். நாலாமவருக்கு மறுநாள் காலைதான் முறை. அவருக்கு வராந்தாவில் நின்று போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

கேட்டுக்கொண்டிருந்த என் செல்லங்களே, உங்கள் வீட்டில் யார் பெயரும் எந்தப் பட்டியலிலிருந்தும் விட்டுப்போகாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைக்குமுன் திரும்பி வரட்டும். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்கட்டும்.