சாரலில் வைத்த வெல்டிங்

சுந்தரபாண்டியன் சார் அந்த வண்டியை டெம்போவில் ஏற்றி என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்து நான் இன்னும் சட்டையைக்கூட மாற்றவில்லை. டெம்போவில் அது தார்ப்பாய் மூடிக் கிடந்தது. மூடியிருந்தால் என்ன, அது எந்த வண்டி என்று எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷம் இந்தக் கையால் கட்டிய வண்டி. அதில் போய்த்தான் மாசி மாதம் புளியறை மலை வளைவில் மரத்தில் மோதி அவர் மகன் முத்துச்செல்வம் செத்தான்.

"பீரு, இத பழையபடி ஆக்கித் தரணும்" என்றார். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். உதவி கேட்டாலும் உத்தரவு போடுகிற மாதிரிதான் இருக்கும். "அவன் ஆசப்பட்டுச் செஞ்சது. எங்க வீட்டு முத்தத்துல நிக்கட்டும்."

"எதுக்கு சார்? பாக்கப் பாக்க சங்கடம்லா."

"சங்கடம் எனக்குத்தான? நீ செஞ்சு குடு."

நான் பீர் மைதீன். தென்காசியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் ஷார்ஜாவில் ஒரு கார் பட்டறையில் கிடந்தேன். பாத்ரூம் டைல்ஸ்தான் சோறு போடுகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்து மேய்வது என் கிறுக்கு. ஊரில் மற்றவர்கள் வெள்ளிக்கிழமை பிரியாணியைத் தின்றுவிட்டுத் தூங்கும்போது நான் இலஞ்சிப் பக்கத்து ஷெட்டில் ஏதாவது வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பேன். என் வீட்டுக்காரி நஸீபா அந்த ஷெட்டைச் சின்ன வீடு என்றுதான் சொல்லுவாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முத்துச்செல்வம் கடையத்துக்காரன், இருபத்தேழு வயது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தீவன மூட்டைக்கு நடுவில் கிடந்த ரெண்டு சீட்டு வண்டியை எங்கேயோ படத்தில் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தான். மேலே கூரை கிடையாது. ஃபைபர் உடம்பு. நான் அதன் சின்ன எஞ்சினைத் தூக்கிவிட்டுப் பெரியதாக ஒன்று வைத்தேன். அதற்கு இடம் வேண்டி ஸ்டியரிங் பெட்டியை நாலு விரல் முன்னால் தள்ள, ஸ்டியரிங்கிலிருந்து அந்தப் பெட்டிக்கு வரும் ஷாஃப்ட் கம்பி நீளம் போதாமல் போனது. லேத் பட்டறையில் கொடுத்துப் புதிதாக ஒரே கம்பியில் கடைந்து வாங்கியிருக்க வேண்டும். நான் நடுவில் ஒரு துண்டு வைத்து வெல்டிங் அடித்தேன்.

அதிலும் தப்பில்லை, ஒழுங்காக அடித்திருந்தால். அது ஆனி மாதம், சாரல் பிடித்துவிட்டது. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் உப்பு ஜாடியே கசியும், வெல்டிங் ராடு எந்த மூலைக்கு? ஈரம் குடித்த ராடில் அடித்தால் ஒட்டு மேலே பார்க்க லட்சணமாக இருக்கும். உள்ளே காற்று நிற்கும். அதனால் அடுப்பில் ஒரு தகட்டை வைத்து, ராடை அதன்மேல் காயப்போட்டுத்தான் எடுப்பேன். அன்று ஷெட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. முத்துச்செல்வம் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாய், அருவியில தண்ணி விழுந்தாச்சு. சீசன் முடியுறதுக்குள்ள குத்தாலத்துக்கு ஒரு ரவுண்டு போவணும்" என்று குதித்துக்கொண்டிருந்தான். எனக்கும்தான் ஆசை. பாக்கெட்டில் இருந்த ராடை அப்படியே எடுத்து அடித்தேன். தேய்த்து வழவழப்பாக்கிக் கறுப்புப் பெயின்டும் பூசினேன். எட்டு மாதம் ஓடியது.

சுந்தரபாண்டியன் சார் டெம்போவை அனுப்பிவிட்டுக் கிளம்பியதும் ஷெட்டை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு முன்பக்கத்தை நெம்பித் திறந்தேன். ஸ்டியரிங் வலது பக்கமாக ஒடித்துக் கிடக்க, சக்கரம் நேராக நின்றது. ஷாஃப்ட் சரியாக என் ஒட்டில் இரண்டாகி இருந்தது. வண்டி மரத்தில் மோதியதில் உடைந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் உடைந்த வாயைப் பார்த்தால், அப்பத்தில் இருக்கிற மாதிரி பொடிப் பொடியாக ஓட்டை. பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது, மீதி பளபளத்தது. கறுத்த பாதி மரத்தில் மோதி உடைந்ததல்ல. அது பல வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. கேஸ் வரும், கடை போகும், நஸீபாவும் இரண்டு பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள் என்று நூறு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணமெல்லாம் சும்மா, நான் பயந்தேன். அந்த இரண்டு துண்டையும் சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோய், உடைந்த டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் சொருகினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் வர ஆரம்பித்தார். ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். டீ வேண்டாம், தண்ணி வேண்டாம். கையில் மகனுடைய போன். பயல் வேலை நடக்க நடக்க முந்நூறு படத்துக்கு மேல் எடுத்து வைத்திருந்தான். ஒவ்வொரு படமாகப் பெரிசாக்கிப் பார்ப்பார். பிறகு வண்டியைப் பார்ப்பார்.

"இந்த நட்டு கறுப்புல்லா? வெள்ளையா போட்டிருக்க?"

மாற்றுவேன்.

"இந்த ஓஸ் பைப்பு இந்தப் பக்கமால்லா வருது?"

அதையும் மாற்றுவேன். கொலைக் கேஸில் இடத்தை அளக்கிற மாதிரி அளந்தார். மனிதர் என்னைப் பிடிக்கத்தான் வருகிறார், ஆதாரம் சேர்க்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வியாழக்கிழமை ராத்திரியே சோறு இறங்காது. "சின்ன வீட்டுல என்ன சண்டையோ" என்று நஸீபா சீண்டுவாள். எனக்குச் சிரிப்பு வராது.

ஃபைபர் முகப்பைப் புதிதாக வார்த்து முடித்த வாரம், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "புளியறைக்குப் போயிருந்தேன். அன்னைக்கு அவனுக்குப் பின்னால வந்த லாரி டிரைவரப் பாத்தேன். பய சும்மா அறுபதுலதான் போனானாம். காஞ்ச ரோடு, நல்ல வெளிச்சம். வளைவுல திரும்பவே இல்லையாம் பீரு. நேரா போயிருக்கான். பிரேக் தடமும் கிடையாது."

நான் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அறுபதுல அந்த வளைவு திரும்பும்லா?"

"திரும்பும் சார்."

"ம்" என்றார். மறுபடியும் போனைப் பார்க்கத் தொடங்கினார்.

ஸ்டியரிங் ஷாஃப்டை இந்தத் தடவை ஒரே கம்பியில் கடைந்து வாங்கிப் போட்டிருந்தேன். அடுத்த வாரம் அதுவும் அவர் கண்ணில் பட்டது. குனிந்து, டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்கன ஒரு ஒட்டு இருந்துதே."

போனைத் திருப்பிக் காட்டினார். படத்தில் நான் குந்தி உட்கார்ந்து வெல்டிங் அடிக்கிறேன். எனக்குப் பின்னால் கதவு திறந்திருக்கிறது, வெளியே சாரல். தரையில் ராடு பாக்கெட் வாய் பிளந்து கிடக்கிறது.

"இது அதவிட நல்லது சார்."

"நல்லது கேக்கல. பழையது கேட்டேன்."

அந்த அருமையான கம்பியைக் கழற்றி, அறுத்து, ஒட்டினேன். அப்போதும் சாரல் காலம்தான். ராடை இரண்டு மணி நேரம் அடுப்பில் போட்டு எடுத்தேன். இரண்டு முனையிலும் துளை போட்டு உள்ளே ஒரு எஃகு முளையைக் கொடுத்து, சுற்றி இரண்டு வரிசை அடித்தேன். வெளியே பார்க்கப் படத்தில் இருந்தது போலவே இருந்தது. யானையைக் கட்டி இழுத்தாலும் விடாது. அவர் பக்கத்தில் நின்று கடைசி வரை பார்த்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சியா?"

"ஆமா சார்."

"இதே மாதிரி?"

"இதே மாதிரிதான்."

சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். அந்த 'ஆமா'வை என் தோலைக் காப்பாற்றச் சொன்னேன். அது யார் தலையில் போய் இறங்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

புரட்டாசி பிறந்ததும் வண்டி தயார். அதற்கு முந்தின வாரம் அவர் மனைவி தங்கத்தாய் எனக்கு போன் பண்ணினார்கள். "பீரு, அவிய சரியா சாப்பிடவே மாட்டேங்காவ. வண்டி முடிஞ்சா எல்லாம் முடிஞ்சிரும்னு சொல்லுதாவ. என்னத்த முடியும்னு கேட்டா பதிலே இல்ல. எனக்கு என்னமோ பயமா இருக்குப்பா. நீ கொஞ்சம் இழுத்தடியேன்." நான் இழுத்தடிக்கவில்லை. சீக்கிரம் என் கையை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

சாவியைக் கொடுத்ததும், "நீயும் ஏறு" என்றார். காலை பத்து மணி இருக்கும். அவரே ஓட்டினார். செங்கோட்டை தாண்டி, புளியறைச் சோதனைச்சாவடியில் வரிசை கட்டி நின்ற லாரிகளைத் தாண்டி மலைமேல் ஏறினோம். லாரிக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் கையைக்கூட ஆட்டினான். மேலே ஒரு இடத்தில் திருப்பிக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்தார். மீட்டர் முள்ளை அறுபதில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வளைவு வந்தது. மரத்தில் பட்டை உரிந்த தழும்பு தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓதினேன்.

வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. நான் செய்த வேலையிலேயே அதுதான் சுத்தமான வேலை.

வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கை விடாமலே சொன்னார்.

"அன்னைக்குக் காலைல வேலைய விடப்போறேன்னான். உன்கூடச் சேந்து பழைய காரு பட்டறை போடப்போறானாம். எனக்குக் கோவம். 'அந்த வண்டிய எடுத்துட்டு எங்கனயாவது போய் விழுந்து சாவுலே'ன்னேன். ரெண்டு மணி நேரத்துல போன் வந்துட்டு."

"சார்..."

"வண்டியில ஏதாவது கோளாறு இருக்காதான்னு ஒரு நப்பாச. அதான் அச்சு அசலா அப்படியே கட்டச் சொன்னேன். திரும்புதே பீரு. அறுபதுல அழகாத் திரும்புது. அப்ப அவன் திருப்பல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மகனுடைய போனையும் தன்னுடைய போனையும் எடுத்தார். மூன்றையும் என் மடியில் வைத்தார்.

"நீ இறங்கு. கீழ செக்போஸ்ட் பக்கம் ஒரு டீயக் குடிச்சிட்டு நில்லு. நான் இன்னொரு வாட்டி மேல போயிட்டு வாறேன். இதெல்லாம் தங்கத்தாய்ட்ட குடுத்துரு."

இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். அவர் ரிவர்ஸ் எடுத்து வண்டியை மேல் பக்கமாகத் திருப்பினார். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், சாக்கு மூட்டையைப் பற்றிக் கேட்க இந்த உலகத்தில் ஒரு ஆள் இருக்க மாட்டார். அந்த நினைப்பு எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்ததும் என்மேலேயே காறித் துப்பலாம் போல ஆகிவிட்டது. ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் விழாத குறையாக நின்று முகப்பில் கையை ஊன்றினேன்.

"தள்ளு பீரு."

"பொய் சொன்னேன் சார். அன்னைக்கு இப்படி அடிக்கல. ஈர ராடுல அடிச்சேன். உள்ள முளையும் வைக்கல. ஒட்டு விட்டுட்டு சார். அவன் சாவுறதுக்கு முன்னாலயே பாதி விட்டுருக்கு. உடைஞ்ச துண்டு என்கிட்டதான் இருக்கு. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அவன் திருப்பினானா?"

"திருப்பினான் சார். நீங்க வண்டியக் கொண்டுவந்த அன்னைக்கு நான் பாத்தேன், ஸ்டியரிங் வலது பக்கமா ஒடிச்சுக் கிடந்துது. சக்கரம் நேரா நிக்கி. அவன் திருப்பிருக்கான், சக்கரம் கேக்கல. பிரேக்க மிதிக்கதுக்குள்ள மரம் வந்துட்டு."

"திருப்பினானாலே?"

"திருப்பினான் சார். என் பிள்ளைக மேல ஆணையா."

சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். கையை நீட்டினார். தன் போனை வாங்கி மனைவிக்கு அடித்தார். "தங்கத்தாயி" என்றார். அந்தப் பக்கம் அந்தம்மா பதறுவது எனக்கே கேட்டது. "ஒண்ணுமில்லட்டி. பய திருப்பிருக்கான். ஆமாட்டி. என் சொல்லுக்காவ போவல. அவன் வீட்டுக்குத்தான் வந்திருக்கான்." பிறகு ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். மேலே போன ஒரு லாரி வேகத்தைக் குறைத்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். இறங்கிச் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தபோது அந்த முகத்தில் பழைய சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி வந்திருந்தார்.

"ஏறு. நீ ஓட்டு."

"எங்க சார்?"

"முதல்ல உன் கடைக்கு. அந்தத் துண்ட எடுக்கணும். அப்புறம் ஸ்டேஷனுக்கு. நடந்தத நீயே உன் கையால எழுதிக் குடுக்கணும். ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

"சரி சார்."

வண்டியை மறுபடியும் கீழ்நோக்கித் திருப்பினேன். கியர் இரண்டு தரம் விழாமல் உறுமியது. நஸீபாவிடம் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று ஒன்றும் ஓடவில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் அவர் என் தோளைத் தொட்டார்.

"மெதுவாப் போ" என்றார். "எனக்கு வீட்டுக்குப் போவணும்."