கோல் போட்டவர் கீப்பர்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. திறமையுள்ள இளம் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு என்னென்ன பயிற்சி முறைகள், என்னென்ன வாய்ப்புகள் என்று ஒரு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நானும் மிடுக்காக உட்கார்ந்து, 'பயிற்சியை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று கட்டுப்பாடு. மற்றொன்று' என்று எழுதி நின்றேன். மற்றொன்றுக்குப் பெயர் கேட்கத்தான் திண்டிவனத்தில் பெண்களுக்குக் கால்பந்து சொல்லித்தரும் கலைப்பிரியாவைப் பார்க்கப் போனேன். போன இடத்தில் கட்டுரை காலை வாரிவிட்டது.

(அந்த வாக்கியம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. நிற்கட்டும்.)

2

'அந்தி மங்கும் வேளையில், செம்மண் புழுதி பொன்னாக...'

வேண்டாம். இதைப் படித்தால் கலைப்பிரியாவே சிரிப்பாள். நேராகச் சொல்கிறேன்.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. திண்டிவனத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு காலி மனை. கோட்டக்குப்பத்து ஹம்தான் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்து, பஜாரில் செல்போன் கடை வைத்திருந்த இளைஞர். சாயந்திரமானால் கடையை மச்சான் தலையில் கட்டிவிட்டுப் பந்தோடு வந்துவிடுவார். பையன்களும் பெண்களுமாக ஆட ஆள் சேர்ந்தது. மனை சின்னது என்பதால் ஒரே ஒரு கோல்தான். அதில் கீப்பராக நிற்கத்தான் ஆளில்லை. எல்லோருக்கும் ஓட வேண்டும்.

தினம் நடந்த சண்டைக்கு ஹம்தான் ஒரு சட்டம் போட்டார். எந்த அணியாக இருந்தாலும் சரி, கோல் போட்டவர்தான் அடுத்த கீப்பர்.

அன்றிலிருந்து ஆட்டமே தலைகீழாகப் போயிற்று. கெட்டிக்காரர்கள் யாரும் கோல் அடிப்பதில்லை. எல்லோரையும் ஏய்த்துக் கம்பத்தருகே வந்து, ஓட முடியாமல் நிற்கிற யாருக்காவது பந்தைத் தள்ளிவிடுவார்கள். அவர்களும் வாயெல்லாம் பல்லாகக் கோல் போட்டுவிட்டுக் கீப்பராக நிற்பார்கள். அந்த மனையில் பந்து படாத கால் கிடையாது. தள்ளிவிடுவதில் கலைப்பிரியாவை அடிக்க ஆளே இல்லை.

3

விளையாட்டு விடுதிக்கான தேர்வு விழுப்புரத்தில் நடந்தது. விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, நல்ல மைதானம் எல்லாம் உண்டு. கலைப்பிரியா தடுக்க வந்தவர்களைத் தாண்டினாள், கீப்பரையும் தாண்டினாள். எதிரே வெறும் வலை. நின்றாள். பக்கத்தில் ஓடிவந்த முன்பின் தெரியாத பெண்ணுக்குப் பந்தைத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் கோல் போட்டாள், அவளுக்கே இடமும் கிடைத்தது.

தேர்வாளர் பிரபாவதி கலைப்பிரியாவைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, கோல் காலியா கெடந்துதே. ஏன் அடிக்கல?"

"அடிச்சா கீப்பரா நிக்கணும், மேடம்."

பிரபாவதிக்கு ஒன்றும் புரியவில்லை.

(முதல் வரைவில் பிரபாவதியை வில்லியாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வெறும் வலைக்கு முன்னால் நின்றுவிடும் பெண்ணை யார்தான் எடுப்பார்கள்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.)

4

கலைப்பிரியா இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கைநழுவிய விடுதியை நினைத்து அவள் ஏங்குவதில்லை. அந்த மனையை நினைத்துத்தான் ஏங்குகிறாள். அங்கே வீடுகள் எழும்பிவிட்டன, ஹம்தானும் மறுபடி ஷார்ஜாவுக்கே போய்விட்டார். "அந்த மாதிரி சிரிச்சிக்கினு அப்புறம் நான் எங்கயும் ஆடல" என்று என்னிடம் சொன்னாள். தன் மாணவிகளுக்கும் ஹம்தான் சட்டத்தையே அவள் வைத்திருந்தாள்.

வரும் சனிக்கிழமை மறுபடி விடுதித் தேர்வு. அவளுடைய மாணவிகளில் தமன்னா அபாரமான ஆட்டக்காரி. விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் பந்தைத் தொடக் கூடாது, டியூஷன்தான் என்று அவள் அம்மா சாரா பீவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தமன்னாவும் கோல் அடிப்பதில்லை. பானுப்ரியாவுக்குத் தள்ளிவிடுகிறாள். பானுப்ரியாவுக்கு ஓட்டம் வராது. பந்து தன் காலுக்கு வரும் என்ற ஒரே நம்பிக்கையில் தினமும் வருகிறவள்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) சட்டம் நிற்கிறது. தமன்னா வெறும் வலைக்கு முன்னால் நிற்கிறாள். அடுத்த வருஷம் டியூஷன்.

(ஆ) சட்டம் போகிறது. தமன்னா அடித்துத் தள்ளுகிறாள், விடுதிக்குப் போகிறாள். பந்தே வராத பானுப்ரியா ஒரு நாள் வருவதை நிறுத்திவிடுகிறாள். யாரும் கவனிப்பதில்லை.

போனில் படித்துக் காட்டினேன். கலைப்பிரியா கேட்டுவிட்டு, தான் வேறொன்று செய்திருப்பதாகச் சொன்னாள். சனிக்கிழமை வரைக்கும் அவளே கீப்பர். யார் கோல் போட்டாலும் நிற்கப் போவது அவள்தான், தண்டனை யாருக்கும் இல்லை.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து நேரில் பார்க்கப் போனேன்.

தமன்னா எல்லோரையும் தாண்டி வந்தாள். கலைப்பிரியாவுக்கு இடப்பக்கம் பாதிக் கோல் திறந்து கிடந்தது. வலப்பக்கம் பானுப்ரியா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தமன்னா பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, "மிஸ், இன்னா பண்ணட்டும்?" என்றாள்.

கம்பங்களுக்கு நடுவில் கலைப்பிரியா வாயைத் திறந்தாள்.

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் எழுத மாட்டேன். எழுதினால் இரண்டு பெண்களில் ஒருத்தியை நான் வீட்டுக்கு அனுப்பியதாகிவிடும். தமன்னா காத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்போது பானுப்ரியாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்.