தொடை எலும்பின் நீளம்

மேரு ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் புது வாய்க்கால் வெட்டத் துரை போட்ட கோடு, நேராகப் பழைய இடுகாட்டின் மேல் போனது. கோட்டில் அகப்பட்டது ஒரே ஒரு குழி, அருளாயியின் புருஷன், செத்துப் பல வருஷமான பேதுருவுடையது. திங்கட்கிழமை வெட்டு தொடங்கும், எடுப்பதானால் அதற்குள் எடுத்துக்கொள் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார். எடுக்காவிட்டால் எலும்பு வாய்க்கால் மண்ணோடு போகும்.

எடுக்கலாமா, கூடாதா? அதுதான் அருளாயிக்குப் புரியவில்லை. கடைசி நாளில் உயிர்த்து எழுந்திருக்க வேண்டியவரை இடம் மாற்றி வைத்தால், மனுஷன் எந்த இடத்தில் எழுந்திருப்பார்? கொழுந்தன் அய்யாவு வேறு குறுக்கே நின்றான். அண்ணன் கல்யாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து பேதுருவானாலும், ஒரு வயது மூத்தவனைப் பேர் சொல்லியே கூப்பிட்டு வளர்ந்த தம்பிக்கு அவன் இன்னும் பழனிதான்.

"வச்ச ஆளத் தோண்டுவாங்களா, அண்ணி? தூக்கத்தக் கெடுத்தா லயத்து வீட்டு வாசல்ல வந்து நிப்பான். அப்புறம் நீதான் சோறு போடணும்."

"நீ தோண்டலன்னா யாரு தோண்டுவா? எனக்கு ஆம்பளப் பிள்ளையா இருக்கு?"

"நான் மண்வெட்டியத் தொடமாட்டேன்."

ஞாயிறு ஜெபம் நடத்த, சனிக்கிழமையே பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸ் சபையிலிருந்து உபதேசியார் யாக்கோபு ரயிலேறி வந்தார். வயதில் அருளாயியைவிடச் சின்னவர். கேட்டதற்கு மேலேயே சொல்கிறவர்.

"எடுத்தா பாவமாங்க, ஐயா?"

"என்னம்மா பாவம்? அந்தக் காலத்து யூத ஜனங்களே எடுத்திருக்காங்க!" என்றவர், ஒரு குச்சியை எடுத்துத் தரையில் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

அவர்கள் ஊரில் பூமிக்குள்ளே புதைப்பதோடு வேறு வழக்கமும் உண்டாம். வசதி உள்ள குடும்பம் மலைப்பாறையைக் குடைந்து சின்ன அறை ஒன்று வைத்திருக்குமாம். செத்த அன்றே உடம்பைக் கழுவி, வாசனைப் பொருள் இட்டு, துணி சுற்றி, உள்ளே சுவரோரமாக இருக்கும் கல்மேடையில் கிடத்துவார்கள். வாசலைக் கல்லால் அடைப்பார்கள். அவ்வளவுதான்.

"பத்துமலை குகை மாதிரியா?" என்றான் தூணோரம் நின்ற அய்யாவு.

"அவ்வளவு பெருசு இல்லண்ணே. குனிஞ்சுதான் நுழையணும்."

அருளாயி குனிந்து தரைப் படத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஈஸ்டருக்கு ஈஸ்டர், ஆண்டவர் கல்லறையின் கல்லைப் புரட்டிய கதையைக் கேட்கும்போதெல்லாம், தோட்டத்துக் குழியைப் போல ஒரு குழியும் அதன்மேல் ஒரு பாறாங்கல்லும்தான் அவள் கண்ணில் வரும். இப்போது குழி போய்க் கதவு வந்து நிற்கிறது. மேடையில் கிடத்தினவரை யார் மூடினார்கள்? மூடாமலா விட்டார்கள்?

"ஒரு வருஷம் போல விட்டுடுவாங்க," என்றார் உபதேசியார். "சதையெல்லாம் போயிடும். அப்புறம் எலும்பை மட்டும் பொறுக்கிக் கல்லுப் பெட்டியில வைப்பாங்க. மேடை அடுத்த ஆளுக்கு வேணுமே! ஒரே பெட்டியில புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பின்னு சேர்த்து வைக்கிறதும் உண்டு."

"யாரு பொறுக்குவா?" அய்யாவு கேட்டான்.

"மகன். இல்லன்னா கூடப் பொறந்தவன். செத்தவங்களுக்குச் செய்யற கடைசிக் கடமை அது."

அய்யாவு தூணை விட்டுப் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அருளாயி உள்ளே போய், எலும்பு வைக்கச் சவுக்காரக் கட்டி வந்த மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். தலை எவ்வளவு பெரிதோ அதைப் பார்த்து எடுத்திருந்தாள்.

உபதேசியார் சிரித்துவிட்டார். "தலைய எப்படியும் வச்சுடலாம்மா. இடிக்கிறது தொடை எலும்பு. உடம்புலயே நீளமானது அதுதான், மடக்கவும் முடியாது. அதுக்குத் தக்கபடிதான் அவங்க பெட்டியே வெட்டுவாங்க."

"தோண்டாம எப்படிங்க அளக்கிறது?"

கேட்டுவிட்டு அருளாயி மெல்லத் திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. ஒருவன் கால்சட்டை மற்றவனுக்கு அப்படியே சேரும்.

"அய்யாவு, இப்படி உக்காரு."

"அட! உசுரோட இருக்கிறவனுக்கா பெட்டி அளவு?"

"உக்காருப்பா."

உட்கார்ந்தான். உபதேசியார் அவன் இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் தடித்திருந்த எலும்பைத் தடவிக் கண்டுபிடித்து, ஒரு கயிற்றின் நுனியை வைத்தார். அருளாயி மறுநுனியை முழங்காலுக்கு இழுத்து, முடிச்சுப் போட்டாள். அய்யாவு கூச்சத்தில் முதலில் நெளிந்தான். பிறகு அசையாமல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழனிக்கும் இம்புட்டுத்தானா?" என்றான்.

"இம்புட்டுத்தான்."

கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்துபோனான். எங்கே போகிறான், கோபமா என்று ஒன்றும் விளங்காமல் அருளாயி உபதேசியாரைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்துப் பக்கம் ரம்பம் இழுக்கும் சத்தம் கேட்டது.

ஞாயிறு ஜெபம் முடிந்ததும் தோண்டினார்கள். மண்வெட்டியைப் பிடித்தது அய்யாவுதான். கடைசி மண்ணைக் கையாலேயே வழித்தான். "பழனி, நான்தான்டா, பயப்படாத" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அவன் அடித்த பெட்டியில் தொடை எலும்புகள் இரண்டும் இடிக்காமல் நீளவாக்கில் படுத்தன. மற்றதெல்லாம் அவற்றின்மேல் அடங்கியது.

வாய்க்கால் கோட்டுக்கு அப்பால், மேட்டில் புதுக் குழி தயாராக இருந்தது. உபதேசியார் ஜெபத்துக்குத் தொண்டையைக் கனைத்தார். அய்யாவு மூடியைக் கையில் வைத்துக்கொண்டே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் இடம் கெடக்கே, அண்ணி."

பலகையை அகலமாக வெட்டிவிட்டதற்கு வருத்தப்படுகிறானா, ஒரே பெட்டியில் அண்ணன் தம்பி என்றதை நினைத்துக் கேட்கிறானா? அருளாயிக்குத் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கே தெரிந்திருக்குமா என்று சந்தேகமாக இருந்தது. அவன் சுத்தியலுக்குக் கையை நீட்டினான்.

"ஆணி வேணாம், தம்பி," என்றாள். "மூடி மட்டும் போதும்."