ஞாயிற்றுக்கிழமைப் பிடித்தம்

தமயந்தியின் கணக்கில் மினிமம் பேலன்ஸ் குறைந்துபோனதால் வங்கி அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை படுத்தவள் திங்கட்கிழமை எழுந்தாள். பக்கத்து வீட்டில் ஞாயிறு இருந்தது. கறி வாங்கினார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். இவளுக்கு மட்டும் இல்லை.

கேஸ் மானியம் வருவதற்காகத் தொடங்கிய கணக்கு அது. மானியம் சில்லறையாக வந்தது. வங்கி அதை அபராதமாக எடுத்தது. எடுத்த சேதியை எஸ்எம்எஸ் அனுப்பிச் சொல்லிவிட்டு, எஸ்எம்எஸ்ஸுக்கும் எடுத்தது. எடுக்கக் காசு இல்லாமல் போனபோது கிழமையில் கை வைத்தது.

செவ்வாய்க்கிழமையை எடுத்திருந்தால் தமயந்தி தொலையட்டும் என்று விட்டிருப்பாள். செவ்வாய்க்கிழமையால் யாருக்கு என்ன லாபம்? ஆனால் மகள் மோனிஷாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை. ஹாஸ்டலில் ஞாயிறு மட்டும்தான் வெளியே விடுவார்கள். அன்றைக்கு அரக்கோணம் வந்து அம்மாவோடு இருந்துவிட்டுப் போவாள். இப்போதும் வந்து அம்மாவோடு பேசிவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தாள், அம்மாவுக்குத்தான் அந்த நாள் கையில் இல்லை. திங்கள் காலையில் மீன் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும், சீப்பில் நீளமான முடி இருக்கும். மகள் முகத்தைத்தான் தமயந்தி பார்த்து மாதக்கணக்காகிவிட்டது.

ஒருநாள் மோனிஷா போனில் கேட்டாள்.

"நான் சொன்னத யோசிச்சியாம்மா?"

"என்னா சொன்ன?"

"வெளையாடாதம்மா. ஒரு தடவ சொல்றதுக்கே உசுரு போயிடுச்சு."

போனை வைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் தமயந்திக்குக் கோபம் வந்தது. ரேஷன் கடையில் எடை போடுகிறவள் அவள். தினமும் ஊரோடு சண்டை போட்டுச் சம்பளம் வாங்குகிறவள். வங்கி ஆள் தெரியாமல் கை வைத்துவிட்டது.

நேராக மேனேஜர் குலசேகரனிடம் போய் நின்றாள்.

"என் ஞாயித்துக்கெழமையெல்லாம் குடுங்க சார்."

"ரூல்ஸும்மா."

"லாக்கர் ரூம்லேர்ந்து மீன் கொழம்பு வாசன வருது."

"எல்லாருதும் ஒண்ணாதான் வெச்சிருக்கோம். உங்களுதுன்னு எப்படிச் சொல்றது?"

"வெந்தயம் தூக்கலா இருக்கு பாருங்க. அது என்னுது."

குலசேகரன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். வெந்தயம் தூக்கலாகத்தான் இருந்தது. முகர்ந்து பார்த்ததற்கு ஒரு கட்டணம் போட்டு ரசீது கொடுத்தார்.

தமயந்தி நுகர்வோர் கோர்ட்டில் மனு போட்டாள். வக்கீல் வைக்கவில்லை. வாயிருக்கும்போது வக்கீல் எதற்கு என்று நினைத்தாள்.

விசாரணை நாளில் கோர்ட் வராந்தா நடக்க நடக்க நீண்டது. மனுதாரர்கள் வழியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வெங்காயம் நட்டிருந்தார், அதுவும் முளைத்திருந்தது. நடுவில் ஒரு ஆள் டீ விற்றார்.

"இன்னும் எவ்ளோ தூரம்ணா?"

"தோக்கிற கேஸுன்னா தூரம். உன்னுது எப்படி?"

"ஜெயிக்கிற கேஸு."

"அப்போ கதவு உன் முதுகுக்குப் பின்னாடி."

திரும்பினாள். கதவு இருந்தது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கோர்ட் தலைவர் வயதானவர், தூக்கக் கலக்கத்தில் இருந்தார். ஞாயிறு போனதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். தமயந்தி வீட்டுத் தினசரி காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். தலைவர் சனிக்கிழமைத் தாளைக் கிழித்தார். கீழே திங்கள் இருந்தது. சந்தேகத்துக்கு அடுத்த வாரத்தையும் கிழித்தார். கை ருசி கண்டுவிட்டது. விடாமல் கிழித்து டிசம்பருக்குப் போய்விட்டார். கோர்ட்டில் குளிர ஆரம்பித்தது. குமாஸ்தா மப்ளர் கட்டிக்கொண்டார்.

வங்கியின் வக்கீல் எழுந்தார். குளித்து, எண்ணெய் தேய்த்து, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அது யாருடைய ஞாயிறோ.

"பிடித்தம் சட்டப்படி நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அந்தந்த ஞாயிறு காலையிலேயே கவுன்ட்டரில் வரவு வைக்கப்பட்டது."

தலைவர் முதல் தடவையாகக் கண்ணை நன்றாகத் திறந்தார்.

"ஞாயித்துக்கெழம உங்க பேங்க் இருக்கா? எனக்கு ஒரு டிடி எடுக்கணும். மத்த நாள்ல முடியல."

வக்கீல் பக்கத்தில் நின்ற குலசேகரனுக்கு முப்பது வருஷமாகக் கவுன்ட்டரில் சொல்லிப் பழகிய வாய். அது அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"சண்டே லீவு சார். திங்கக்கெழம வாங்க. லஞ்சுக்கு முன்னாடி வந்துடுங்க."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஐயா, லீவு அன்னிக்குப் பூட்டின பேங்க்ல எடுத்தா அதுக்கு வேற பேரு."

"என்ன பேரு?"

"உங்களுக்குத் தெரியாததா ஐயா."

தலைவருக்குத் தெரிந்திருந்தது. எல்லா ஞாயிறுகளையும் ஒரே தவணையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினார். டிடியைக் குலசேகரனே தலைவர் வீட்டுக்குக் கொண்டுவந்து தரவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

புதன்கிழமை ஞாயிறுகள் வந்து சேர்ந்தன. காலை ரயிலில் ஒரு மோனிஷா இறங்கி வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் இன்னொருத்தி வந்தாள். பிறகு வரிசையாக வந்தார்கள். ஒருத்தி மழையில் நனைந்திருந்தாள். ஒருத்திக்குச் சளி. ஒருத்தி முடியைக் கத்தரித்துவிட்டு, திட்டு விழும் என்று துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். தமயந்தி ஒருத்தியையும் திட்டவில்லை. ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு கூடை மீன் வாங்கிக் குழம்பாக்கி, கூடத்தில் பந்தி மாதிரி இலை போட்டாள். தேதிவாரியாக உட்கார்ந்தார்கள். வீடு கொள்ளாத சந்தோஷம்.

சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்னமோ சொல்லணும்னியே, என்னாடி அது?"

பந்தி நடுவில் இருந்தவள் தலையைக் குனிந்தாள்.

"அடுத்த வாரம் சொல்றேம்மா."

தமயந்தி அடுத்தவளைப் பார்த்தாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"அதான் போன வாரமே சொல்லிட்டேனேம்மா."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு இலை காலியாக இருந்தது. அப்போது எஸ்எம்எஸ் வந்தது. ஞாயிறுகளைத் திருப்பி அனுப்பிய வகையில், சேவைக் கட்டணமாக ஒரு ஞாயிறு பிடித்தம்.

தமயந்தி கரண்டியோடு நின்றாள்.

"நான் என்னாடி சொன்னேன் அதுக்கு?"

கண் வீங்கியவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா இப்படிக் கேக்கற? நீ அன்னிக்குச் சொன்ன வார்த்தைலதாம்மா நான் உசுரோட இருக்கேன்."

அவளுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். காலி இலைக்கு இந்தப் பக்கம் இருந்த முந்தின வாரத்துக்காரிகள் ஒன்றும் புரியாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த வார்த்தை இனிமேல்தான் வேண்டும்.

தமயந்தி கரண்டியை வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சாப்புடுங்க. யாரும் எழுந்திருக்கக் கூடாது. அந்த ஒண்ண நான் போயி வாங்கிட்டு வரேன்."