கண்ணாடிக்கு முதுகு

வக்கீலம்மாவின் தலையில் இடப்பக்கம் வெட்டி முடித்து, வலப்பக்கத்துக்குச் சீப்பைக் கொண்டு போகும்போதுதான் சின்னவளின் மேலங்கிப் பைக்குள் போன் ஒரு துள்ளு துள்ளியது. கையில் கத்திரி இருக்கும்போது அவள் போனைத் தொடுவதில்லை. இன்று தொட்டாள். நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, சான்றிதழ்களோடு வந்து சேரவும் என்று இரண்டே வரி. படித்துவிட்டுப் பைக்குள் போட்டாள். ஒன்றுமே நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டாள். சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த அழகு நிலையத்தில் நின்றுகொண்டு முகத்தை மறைத்துவிடலாம் என்று நினைத்தாளே, அதுதான் வேடிக்கை.

"என்ன, நல்ல சேதியா?" என்றாள் வக்கீலம்மா, கண்ணாடியைப் பார்த்து.

"ஒண்ணுமில்லீங்க. தலையைக் கொஞ்சம் குனிங்க."

பக்கத்து நாற்காலியில் பேங்க் மேனேஜருக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்த அக்கா, பல்லில் கடித்த நூலை விடாமலே கண்ணாடி வழியாக இவளை ஒரு பார்வை பார்த்தாள். கேட்கவில்லை. கேட்க மாட்டாள். நாற்காலியில் ஆள் இருக்கும்போது வீட்டுப் பேச்சு கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். அதை வைத்தவளே அக்காதான். அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்த சேதி வந்த அன்றுகூட, நாற்காலியில் இருந்தவளுக்கு முகத்தில் பூசியதைத் துடைத்து முடித்த பிறகுதான் செருப்பைத் தேடினாள்.

இன்றைக்கு அந்தச் சட்டம் சின்னவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. வேலை தனக்கு வருமா, படிப்பு ஏறுமா என்ற பயமெல்லாம் அவளுக்குக் கிடையாது. வரும். அதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. இவளைக் கட்டியவன் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனபோது, மற்றவர்கள் எல்லோரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். அக்கா மட்டும் வந்து கையில் ஒரு கத்திரியைக் கொடுத்தாள். "அழுதது போதும், பயிற்சிக்குப் போ" என்றாள். அந்தக் கத்திரியால்தான் இந்தக் கடையே நிற்கிறது. அக்காவுக்குப் புருவம் தெரியும், முகம் தெரியும், வந்தவளை மறுபடி வரவைக்கிற வாய் தெரியும். முடி மட்டும் வெட்ட மாட்டாள். கடை திறந்த புதிதில் ஒருத்தியின் காது நுனியை நறுக்கிவிட்டாள். அதோடு கத்திரிக்கு ஒரு கும்பிடு போட்டவள்தான். சின்னவள் போனால் கடையில் பாதி போனது மாதிரி.

ஆசை வந்தது ஒரு வாடிக்கையால்தான். மாதம் தவறாமல் வருகிற டீச்சர் மாடிப்படியில் விழுந்து ஆஸ்பத்திரியில் படுக்கையோடு கிடந்தார். முடி சடையாகத் திரண்டுவிட்டது, வந்து வெட்டிவிட முடியுமா என்று மகள் கூப்பிட்டாள். சின்னவள் எண்ணெயும் சீப்புமாக வார்டுக்குப் போய், வெட்டாமலே சிக்கெடுக்க உட்கார்ந்தாள். யார் தொட்டாலும் கத்துகிற டீச்சரை, இவளைவிட வயதில் சின்ன நர்ஸ் ஒருத்தி வந்து, "மிஸ், பின் பெஞ்சுல பேச்சு சத்தம் கேக்குது, திரும்பி யாருன்னு பாருங்க" என்று சொல்லியபடியே விரிப்போடு சேர்த்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். டீச்சர் முனகக்கூட இல்லை. அப்போது சின்னவளுக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் பொய். வயிறு எரிகிற பொறாமை. தன் கைக்குக் கழுத்துக்கு மேலே மட்டும்தான் வேலை, அந்த நர்சுக்கு மட்டும் உள்ளங்கால் வரைக்குமா? வீட்டுக்கு வந்தும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. அடங்காத எரிச்சலுக்கு மருந்து என்ன என்று விசாரித்ததில், வயது வரம்பு அவளை மயிரிழையில் விட்டு வைத்திருந்தது தெரிந்தது.

நுழைவுத் தேர்வுக்குப் போன அன்று அக்காவிடம் பல் வலி என்றாள். சான்றிதழ் சரிபார்க்கப் போன அன்றும் பல் வலிதான். நேர்முகத்துக்குப் போன அன்றும் வேறு பொய் தோன்றவில்லை. பொய் சொல்வதிலும் ஒரு பயிற்சி வேண்டுமல்லவா?

அந்த நேர்முகத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சூடாகிறது. கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொல்லிவிட்டாள். கடைசியில் ஒரு நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, "இவர் நோயாளி. மாத்திரை வேண்டாம்னு அடம் பிடிக்கிறார். பேசுங்க" என்றார்கள். சின்னவள் நேராகப் போய் அவருக்குப் பின்னால் நின்றாள். இரண்டு கைகளையும் நாற்காலி முதுகில் வைத்தாள். எதிரே பார்த்து, "சொல்லுங்க, என்ன பண்ணலாம்?" என்று அன்பாகக் கேட்டாள்.

எதிரே இருந்தது ஒரு இரும்பு பீரோ.

"யார்கிட்டம்மா பேசறீங்க?" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த முதல்வர். ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கக் குனிந்து கொண்டார்.

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் வாடிக்கையாளர் ஒருவரைக்கூட அவள் நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. எல்லாம் கண்ணாடிக்குள்தான். தெருவில் எதிரே வந்தால் வகிடு இடம் மாறித் தெரியும், யாரோ என்று நினைத்துக் கடந்து போய்விடுவாள். கர்வக்காரி என்று பெயர்கூட வாங்கியிருக்கிறாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம், முடி வெட்டற பழக்கம். கண்ணாடியத் தேடிட்டேன்" என்றாள். பிறகு மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த மனிதருக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் வைத்து உட்கார்ந்தாள். நோயாளியாக நடிக்க வந்தவர் அதை எதிர்பார்க்கவில்லை. அவள் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்ததில், சொல்லிக் கொடுத்த வசனத்தை மறந்து, "எனக்கு நெஜமாவே மாத்திரைன்னா பயம்தாங்க" என்று சொல்லிவிட்டார்.

வக்கீலம்மா எழுந்தாள். எழுந்தவள் போகவில்லை. கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தாள், கைப்பையில் இல்லாத எதையோ தேடினாள். சேதி என்ன என்று தெரியாமல் போக அவளுக்கு மனமில்லை. அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே, "வெயில் ஏறுது, கிளம்புங்க" என்றதும்தான் நகர்ந்தாள். மேனேஜரும் போனாள். இரண்டு நாற்காலிகளும் காலியாயின.

சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா விறுவிறு என்று வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, துணியை எடுத்துத் தானே கழுத்தில் போர்த்திக்கொண்டாள்.

"வெட்டு."

"அக்கா, ஒரு விஷயம்..."

"நாற்காலியில ஆள் இருக்கு. வெட்டு."

தன் சட்டத்துக்குள் தானே போய் ஒளிந்துகொள்கிறாள் என்று புரிந்ததும் சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. வெட்டினாள். ஒரு பக்கம் தோளுக்கு மேலே ஏறிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்குள் அக்கா கல் மாதிரி இருந்தாள். அந்த முகத்துக்குக் கண்ணாடி வழியாகச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிடலாம். பழகிய வழி. சின்னவள் கத்திரியைப் பையில் போட்டாள். ஸ்டூலை இழுத்து, அக்காவுக்கு எதிரே, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பாதி முடி நிக்குதுடி."

"நிக்கட்டும். எனக்கு நர்சிங்ல இடம் கிடைச்சிருச்சு. நான் போகப் போறேன்க்கா."

அக்கா அவளையே பார்த்தாள். எதிரே வைத்துப் பார்க்கும்போது அக்காவின் மூக்கு லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இத்தனை நாள் வலப்பக்கம் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"மூணு தடவை பல்லு புடுங்கப் போன. ஒரு தடவைகூட வாய் வீங்கல" என்றாள் அக்கா. "நான் என்ன முட்டாளா? நீயா சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னுதான் இருந்தேன்."

"கோவமா?"

"கோவமில்லடி. வர்றவங்களுக்கு முடிய யாரு வெட்டுவா?"

"நீதான். கிளாஸ் ஆரம்பிக்க நாள் இருக்கு. அதுக்குள்ள கத்துத் தரேன்."

"இந்த வயசுலயா? ஒரு காது போனது பத்தாதா?"

"என் வயசு மட்டும் என்னவாம். உனக்கு வரும். எனக்குத் தெரியும்."

சின்னவள் துணிக்கு அடியில் கையை விட்டு அக்காவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். நாடி எண்ணத் தெரியாது, இனிமேல்தான் படிக்க வேண்டும். ஆனால் அந்த முகம் சொல்லாததையெல்லாம் கை சொன்னது. நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. விடாமல் பிடித்திருந்தாள்.

அக்கா அந்தக் கையைத் துணிக்கு வெளியே கொண்டுவந்தாள். இவள் பிடியிலிருந்து விடுவிக்காமலே உள்ளங்கையை மேலே திருப்பி விரித்தாள்.

"குடு" என்றாள்.

சின்னவள் மறு கையால் பையிலிருந்து கத்திரியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். அக்கா அதைத் தன் காதுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். வெட்டாத பக்கத்தில் ஒரு கற்றையைப் பிடித்தாள். எதிரே கண்ணாடியைச் சின்னவள் மறைத்துக்கொண்டிருந்தாள். நகரச் சொல்லவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கத்திரியைத் திறந்தாள்.